ஈரத் தரை

வீட்டைக் கொளுத்த வருகிறவனுக்காகத் தரையைக் கழுவி வைக்கிற பெண்களை வேறு எந்த ஊரிலாவது பார்க்க முடியுமா என்று தெரியாது. வடகோடிக் கடற்கரை ஊரான ஹெஸ்டவிக்கில் இருந்தது மொத்தம் ஐந்து வீடு. ஐந்திலும் கழுவினார்கள். நான்கு பேர் முந்தின நாளே கழுவி முடித்துக் கதவைச் சாத்திவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஓவிடியா மட்டும் அன்று காலையில் கழுவினாள். வினை அங்கேதான் வந்தது.

நான்கு வருஷமாக ஊரில் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரர்கள் இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கிலிருந்து ருஷ்யர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வருகிறவர்களுக்கு ஒதுங்க ஒரு கூரை, ஏற ஒரு படகு, தின்ன ஒரு துண்டுக் கருவாடு கூட மிஞ்சக்கூடாது என்பது உத்தரவு. சனங்கள் அத்தனை பேரும் கப்பலேறித் தெற்கே போய்விட வேண்டும், ஒளிந்திருந்து பிடிபட்டால் சுடுவோம் என்று கடைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெறும் மிரட்டல் என்று நினைத்தவர்கள் கூட குடாவின் அக்கரையில் நெஸ்பி என்ற ஊர் எரிந்ததைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று நாளாக அங்கே புகை அடங்கவில்லை. மீன் கிடங்கு எரிந்த நாற்றம் தண்ணீரைத் தாண்டி வந்து துணியிலெல்லாம் ஏறியிருந்தது.

ஓவிடியாவுக்கு ஆறு வாரத்துப் பெண் குழந்தை. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயரும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. டாக்ரோஸ் என்ற பசுமாட்டின் பாலைத்தான் கரண்டியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டு இத்தனை நாள் இழுத்துப் பிடித்திருந்தாள். கப்பலில் மாட்டை ஏற்ற விடமாட்டார்கள், வெட்டிவிடச் சொல்லியிருந்தார்கள். நெஸ்பிக்காரர்கள் போன கப்பலில் மீன் கொட்டி வைக்கிற அடித்தளத்தில் சனங்களை அடைத்ததில் இரண்டாம் நாள் விடிவதற்குள் மூன்று கைக்குழந்தைகள் செத்துப்போயின என்று சேதி வந்தது. அதைக் கேட்ட நிமிஷத்தில் ஓவிடியா முடிவு செய்துவிட்டாள். இந்தக் குழந்தை கப்பலேறாது. யார் என்ன சொன்னாலும் ஏறாது.

அவள் புருஷன் இங்வால்ட் மீன்காரன். அதிகம் பேசமாட்டான், செய்வதைத் திருத்தமாகச் செய்வான். கணக்கெடுக்க வந்த ஜெர்மன் சிப்பாய் லாம்பெர்ட்டிடம் "நாங்க எங்க படகுலயே போயிடறோம்" என்று சொல்லி, அவன் தன் காகிதத்தில் இவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். பிறகு படகை, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மூக்குப் பாறைக்கு அப்பால் கொண்டுபோய், கல்லை அடுக்கி, ஆழமில்லாத தண்ணீரில் மூழ்கடித்தான். தண்ணீருக்கடியில் மரம் கெடாது. கல்லை எடுத்தால் படகு மேலே வந்துவிடும். தையல் மிஷினை ஒரு மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்து, உருளைக்கிழங்குக் கொல்லையின் ஓரத்தில் புதைத்தான். மூக்குப் பாறைக்குப் பின்னால் இருந்த குகைக்கு வைக்கோல், போர்வை, ஒரு சட்டி, ஒரு வாளி எல்லாம் போய்ச் சேர்ந்தன. மாட்டைக் கூட அலை வந்து போகிற ஈர மணலிலேயே நடத்திக் கூட்டிப்போனார்கள். பனியில் தடம் விழுந்தால் போச்சு. மணலில் விழுகிற தடத்தை அடுத்த அலை துடைத்துவிடும். எல்லாவற்றையும் யோசித்தார்கள். தரையைத் தவிர எல்லாவற்றையும்.

அன்று காலை வெளிச்சம் வந்ததும் இங்வால்ட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "வா, போலாம்" என்றான்.

"நீ முன்னாடி போ. இதோ வந்துடறேன்" என்றாள் ஓவிடியா.

அடுப்பில் கணகணப்பு மிச்சமிருந்தது. கெட்டிலில் வெந்நீர் இருந்தது. அடுப்பை அணைத்தாள், சாம்பலை வாரினாள். பிறகு கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். மூட்டை கட்டின தூசி, வைக்கோல் துரும்பு, இங்வால்ட்டின் கால் சேறு. இப்படியா விட்டுப் போவது? அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாமல் தேய்த்து வெள்ளையாக்கின பலகைகள் அவை. முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சோப்பும் மணலும் போட்டு மூலைக்கு மூலை தேய்த்து, கடைசிப் பலகையிலிருந்து பின்வாங்கி, வாசற்படியையும் துடைத்துக் கதவைச் சாத்தினாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுங்கள். அந்தக் கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வேறு எப்படிச் செய்ய முடியும் என்றுதான் கேட்பாள்.

குகையில் அவளுக்காகக் காத்திருந்தவள் இங்வால்ட்டின் அக்கா ஹன்சீனா. ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாய் மட்டும் ஊருக்கே போதும். டாக்ரோஸ் அவள் கைக்குத்தான் பால் கொடுக்கும். ஓவிடியா மடியில் கை வைத்தால் உதைக்கும்.

"இவ்வளவு நேரம் எங்கடி போன?"

"தரையைக் கழுவிட்டு வந்தேன்க்கா."

"எந்தத் தரையை?"

"நம்ம வீட்டுத் தரையத்தான்."

ஹன்சீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. பெட்ரோல் ஊத்த வர்றவனுக்குக் கால் அழுக்காகிடக் கூடாதுல்ல? காபி போட்டு வெச்சிட்டு வந்தியா, அதை மறந்துட்டியா?"

"அழுக்கா விட்டுட்டு வர மனசு வரலக்கா."

"எரிஞ்சப்புறம் சாம்பல்ல எவடி வந்து அழுக்கு இருக்கான்னு விரல் வெச்சுப் பார்க்கப் போறா?"

இங்வால்ட் கூடச் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். குழந்தை வைக்கோலுக்கு நடுவில் ஆட்டுத்தோலில் சுற்றிக் கிடந்து தூங்கியது. மாடு, அந்தக் கரையில் குளிர்காலத் தீனியான வேகவைத்த மீன்தலையை மென்றுகொண்டிருந்தது.

ஓவிடியா உட்காரப் போனாள். பாவாடையின் ஓரம் மடங்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். நனைந்த துணி குளிரில் பலகை மாதிரி விறைத்திருந்தது. பாவாடை ஓரம் இப்படி என்றால், அடுப்பு அணைந்த வீட்டில் தரை எப்படி இருக்கும்? காய்ந்திருக்காது. இன்றைக்கு முழுக்கக் காயாது. ஊரை விட்டு எல்லாரும் போய் ஒரு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறவன் கதவைத் திறந்தால், தேய்த்த தரை ஈரமாகப் பளபளக்கும்.

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தண்ணீரில் மோட்டார் சத்தம் கேட்டது.

குகைக்கு மேல் பாறையில் ஒரு பிளவு இருந்தது. அங்கே குப்புறப் படுத்தால் கரை முழுவதும் தெரியும். இங்வால்ட் ஏறிப் படுத்தான். அவளும் போய்ப் பக்கத்தில் படுத்தாள்.

"இங்வால்ட்."

"சத்தம் போடாத."

"தரை காஞ்சிருக்காது."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் முகத்தில் ரத்தம் இறங்கிப் போவது மட்டும் தெரிந்தது.

படகிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த சார்ஜென்ட் புதிது. அவனை இவர்கள் பார்த்ததே இல்லை. நடுவில் ஒருவன் பெட்ரோல் டின் தூக்கி வந்தான். கடைசியில் காலை இழுத்து இழுத்து வந்தவன் லாம்பெர்ட். நான்கு வருஷமாக அந்தக் கரையில் காவல் இருந்த கிழட்டுச் சிப்பாய். பால் வாங்கத் தினம் வீட்டுக்கு வருவான். முதல் நாள் பூட்ஸோடு உள்ளே வந்தவனை ஓவிடியா துடைப்பத்தைக் காட்டி வெளியே விரட்டினாள். மறுநாளிலிருந்து வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டைக் காலுறையோடு உள்ளே வருவான். அவன் வந்து நின்றால் டாக்ரோஸ் குரல் கொடுக்கும். ஒரு பிடி உப்பு கொண்டுவந்து நக்கக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கி வைத்திருந்தான்.

முதல் வீடு எரியத் தொடங்கியது. இரண்டாவது. காய்ந்த பைன் மரம். தீக்குச்சி காட்டினால் போதும். மூன்றாவது வீட்டில் கண்ணாடிகள் வெடித்தன. டாக்ரோஸ் தலையைத் தூக்கியது. ஹன்சீனா அதன் மூக்கைத் தடவி, காதில் ஏதோ முணுமுணுத்து அடக்கினாள்.

சார்ஜென்ட் இவர்கள் வீட்டுக் கதவைக் காலால் தள்ளித் திறந்தான். உள்ளே போனான். தடாலென்று ஒரு சத்தம். பெட்ரோல்காரன் வாய்விட்டுச் சிரித்தான். ஈரம் அதற்குள் மெல்லிய பனிக்கட்டியாக இறுகியிருக்க வேண்டும். சார்ஜென்ட் வழுக்கி விழுந்துவிட்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் சிரித்தவனைத் திட்டவில்லை. குனிந்து வாசற்படியைத் தடவினான். கையை மூக்கில் வைத்து முகர்ந்தான். சோப்பு வாசனை. நிமிர்ந்தபோது துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது. மற்ற இரண்டு பேரிடம் என்னவோ கத்தினான். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பனியில் தடம் தேட ஆரம்பித்தார்கள்.

இங்வால்ட் பிளவிலிருந்து கீழே இறங்கினான். "கண்டுபிடிச்சிட்டான். வீடு வீடா, புதர் புதராத் தேடுவான். இங்க வர்றதுக்குக் கால்மணி நேரம் ஆகும்."

"மலைமேல ஓடிடலாமா?" என்றாள் ஹன்சீனா.

"பனியில தடம் விழும். மாடு ஏறாது."

"மாட்டை விட்டுட்டு..." ஹன்சீனா சொல்லி முடிக்கவில்லை. மாட்டை விட்டால் குழந்தைக்குப் பால் ஏது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்வால்ட் இடுப்புக் கத்தியை உருவினான். மாட்டின் கழுத்தைப் பார்த்தான். அது சத்தம் போட்டால் நான்கு உயிர் போகும். கழுத்தை அறுத்தால் குழந்தை ஒரு வாரத்தில் போகும். கத்தியோடு மாட்டின் பக்கம் ஓரடி வைத்தான்.

"அதைத் தொடாத" என்றாள் ஓவிடியா. அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. "அவங்களுக்குத் தரையைக் கழுவினவ ஒருத்தி கிடைக்கணும். அவ்வளவுதான? கிடைச்சிட்டா தேடமாட்டாங்க. நான் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நீ போனா சுட்டுடுவான். பொம்பளையைச் சுடமாட்டான், கப்பல்ல ஏத்துவான். நீ இல்லாட்டி படகை யாரு எடுக்கறது?"

"நான் போறேன்டி" என்றாள் ஹன்சீனா. கிண்டலெல்லாம் எங்கோ போயிருந்தது. "கிழவி நான். எனக்கென்ன இருக்கு?"

"மாடு உங்க கைக்குத்தானக்கா கறக்கும்."

ஹன்சீனா வாயைப் பொத்திக்கொண்டாள். இங்வால்ட் ஓவிடியாவின் தோளைப் பிடித்தான், விட்டான், மறுபடியும் பிடித்தான்.

"என்னைத் தேடிக்கிட்டு எங்கயும் போகாத. இங்கயே இரு" என்றாள் அவனிடம். ஹன்சீனாவிடம், "கரண்டி சில்லுன்னு இருந்தா துப்பிடுவா. வாயில வெச்சுச் சூடாக்கிட்டுக் குடுங்க" என்றாள்.

குழந்தையின் பக்கத்தில் குனிந்தாள். தொடக் கையை நீட்டினாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. தொட்டால் விழித்துக்கொள்ளும், விழித்தால் அழும். கையை இழுத்துக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஈர மணலில் இறங்கினாள்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை தண்ணீர் வந்தது. குளிர் எலும்பைப் பிடித்து உலுக்கியது. பாறை முனை திரும்பினால் கரையின் கோடியில் இவர்களுடைய படகுக் கொட்டகை. அதன் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போய், முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, இத்தனை நேரம் அங்கேயே ஒளிந்திருந்தவள் மாதிரி வெளியே வந்தாள். அப்போதுதான் சார்ஜென்ட் கொட்டகையை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

துப்பாக்கி அவள் மார்புக்கு நேரே நின்றது. அவன் கத்தினான். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

லாம்பெர்ட் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்து, நான்கு வருஷத்தில் கற்றுக்கொண்ட அரைகுறைப் பேச்சில் கத்தினான்.

"ஓவிடியா! நீ இங்க என்ன? நீ போயாச்சு. நான் எழுதினது. படகு, போயாச்சு."

"அவங்க போயிட்டாங்க. நான் போகல."

"ஏன் போகல?"

"தரையைக் கழுவணும்னு இருந்துட்டேன்."

லாம்பெர்ட் அவளைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். சார்ஜென்ட்டிடம் மொழிபெயர்த்தான். சார்ஜென்ட்டின் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு சந்தேகம். அவன் ஏதோ கேட்டான். லாம்பெர்ட் மறுபடியும் சொன்னான். இந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான், நாலு வருஷமாக நான் பார்க்கிறேன் என்பதுபோல் தலையை ஆட்டிக் கையை விரித்தான். நெஸ்பியிலும் எல்லா வீட்டிலும் தரை கழுவிக் கிடந்ததை சார்ஜென்ட்டும் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கிக் குழல் கொஞ்சம் தாழ்ந்தது.

அப்போது லாம்பெர்ட் கேட்டான். "குட்டி? குழந்தை எங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரில் நடந்துவரும்போதே பதில் தேடினாள். புருஷனோடு போய்விட்டது என்று சொன்னால் ஆறு வாரத்துக் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் தரை கழுவ நிற்பாள்? எவனும் நம்பமாட்டான். நம்புகிற மாதிரி ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை நினைத்தாலே உடம்பு பதறியது. அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் அது பலித்துவிடும் என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் பயம் உண்டு. அவளுக்கு எல்லாரையும் விட அதிகம். ஞானஸ்நானம் ஆகாத குழந்தை வேறு.

"செத்துப்போச்சு" என்றாள்.

லாம்பெர்ட் தொப்பியைக் கழற்றினான். "எப்ப?"

"முந்தாநாள் ராத்திரி. பால் இல்ல. அதை விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். அவர் கெஞ்சிப் பார்த்தார், போயிட்டார்."

"மாடு?"

"வெட்டிட்டோம். நீங்கதான வெட்டச் சொன்னீங்க."

"எங்க? குட்டி எங்க வெச்சது?"

கோயில் கல்லறை நான்கு மணி நேரம் துடுப்புப் போட வேண்டிய தூரம். அவள் கண் தானாகக் கொல்லைப் பக்கம் போனது. அங்கே வெள்ளைப் பனிக்கு நடுவில் புது மண் மேடாகத் தெரிந்தது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். லாம்பெர்ட் தையல் மிஷினுக்குத் தலை குனிந்து நின்றான்.

ஆனால் சார்ஜென்ட்டின் முகம் மாறியது. அவன் சொன்னதை லாம்பெர்ட் தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னான்.

"அவர் சொல்லுது, எல்லா ஊர்லயும் மேடு. தோண்டினா தட்டு, கரண்டி, தையல் மிஷின். எல்லாரும் புதைக்குது. எல்லாரும் பொய் சொல்லுது."

சார்ஜென்ட் நேராகக் கொல்லைக்குப் போய், துப்பாக்கி முனையிலிருந்த கத்தியை மேட்டில் ஓங்கிக் குத்தினான். டொக் என்றது. மரம். இன்னொரு இடத்தில் குத்தினான். டொக். பெட்டியின் நீளத்தைக் கத்தியால் அளந்து பார்ப்பதுபோல் அங்கும் இங்கும் குத்தினான். சின்னப் பெட்டி. ஒரு கைக்குழந்தைக்குச் சரியான பெட்டி. தையல் மிஷினுக்கும் சரியான பெட்டி.

பெட்ரோல்காரனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னான். அவன் வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்தான். மேல்மண் குளிரில் இறுகியிருந்தது. ஒரு வெட்டு. இரண்டு வெட்டு. மூன்றாவது வெட்டில் மண் கட்டியாகப் பெயர்ந்தது.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. மூக்குப் பாறைக்கு அப்பாலிருந்து, எரிகிற மரத்தின் படபடப்புக்கு ஊடே, நீளமாக ஒரு 'ம்மா'. லாம்பெர்ட்டின் குரல் கேட்டுத்தானோ, உப்புக்காகத்தானோ. ஒரு நொடி. இன்னொன்றும் வரப்போகிறது என்று ஓவிடியாவுக்குத் தெரியும். டாக்ரோஸ் எப்போதும் இரண்டு தடவை கூப்பிடும்.

அவள் மேட்டின் மேல் விழுந்தாள். வாயைத் திறந்து அலறினாள். அந்தக் கரைப் பெண்கள் வாய்விட்டு அழுகிறவர்கள் இல்லை. கடலில் புருஷன் போனால் கூட அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்களே தவிர ஒரு சத்தம் வராது. ஓவிடியா ஊளையிட்டாள். மண்வெட்டிக்குக் குறுக்கே கையை விரித்துப் படுத்து, "என் கண்ணே, என் தங்கமே, உன்னை விட்டுட்டேனே" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டாவது 'ம்மா' அவள் சத்தத்துக்குள் மறைந்துபோனது. நிறுத்தினால் மூன்றாவது வந்துவிடுமோ என்று நிறுத்தவில்லை. முதலில் நடிப்பாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. உயிரோடிருக்கிற குழந்தைக்காக, தொடாமல் வந்த கைக்காக, சொல்லக்கூடாததைச் சொன்ன வாய்க்காக அழுதாள்.

மண்வெட்டிக்காரன் பின்வாங்கினான். சார்ஜென்ட் அவளைக் காலால் நகர்த்தப் பார்த்தான். அவள் மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். படகிலிருந்து ஊதல் சத்தம் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே இன்னும் இரண்டு ஊர் எரித்தாக வேண்டும். லாம்பெர்ட் மட்டும் மூக்குப் பாறைப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். நான்கு வருஷம் பால் வாங்கினவன். அந்த மாட்டின் குரல் அவனுக்குத் தெரியாதா? பிறகு பெட்ரோல்காரனைப் பார்த்து, எதற்கு நின்று வேடிக்கை பார்க்கிறாய் என்கிற தோரணையில், தேவைக்கு மேல் சத்தமாகக் கத்தினான்.

சார்ஜென்ட் துப்பிவிட்டு நடந்தான்.

பெட்ரோல் அவள் தேய்த்த பலகைகளில் விழுந்தது. பனிக்கட்டி உருகி, தரை ஒருமுறை பளிச்சென்று மின்னியது. பிறகு தீ. படகுக் கொட்டகைக்கும் வைத்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காது மட்டும் பாறைப் பக்கமே இருந்தது.

படகில் அவளை ஓர் ஓரமாக உட்காரவைத்தார்கள். ஈரப் பாவாடை காலில் ஒட்டி உறைந்தது. லாம்பெர்ட் அவள் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தையும் ஒரு பென்சில் துண்டையும் எடுத்தான்.

"குட்டி பேர் சொல்லு. எழுதணும்."

"எதுக்கு?"

"எல்லாரும் எழுதணும். போனது ஒரு கோடு. செத்தது ஒரு சிலுவை."

குழந்தைக்கு ஒரு பெயரை அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். இன்னும் யாரிடமும், இங்வால்ட்டிடம் கூடச் சொல்லவில்லை. அதை இந்தக் காகிதத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சிலுவை போடுவதா? லாம்பெர்ட் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தான். அவன் கண்ணை அவளால் படிக்க முடியவில்லை. மாட்டின் குரலைக் கேட்டானா, கேட்கவில்லையா? நாளைக்கு யாரிடமாவது சொல்வானா?

"ஓவிடியா" என்றாள்.

"அது உன் பேர்."

"எங்க வீட்டுல மூத்த பொண்ணுக்கு அம்மா பேர்தான் வைக்கிறது."

அப்படி ஒரு வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. லாம்பெர்ட் பென்சிலை நாக்கில் தொட்டு, கோணல் எழுத்தில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டு, காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டான்.

படகு திரும்பியது. ஹெஸ்டவிக்கில் ஐந்து வீடும் நெருப்பும் புகையுமாக நின்றன. மூக்குப் பாறைக்குப் பின்னால் மட்டும் ஒன்றுமில்லை. வானம் சுத்தமாக இருந்தது. இங்வால்ட் கெட்டிக்காரன், இந்தப் படகு கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அடுப்பு மூட்டமாட்டான். அதுவரைக்கும் பால் சில்லென்றுதான் இருக்கும், குழந்தை துப்பிக்கொண்டேதான் இருக்கும். சாக்குக்குள் கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, படகு சீக்கிரம் வளைவு திரும்ப வேண்டும் என்று ஓவிடியா வேண்டிக்கொண்டாள். திரும்பிவிட்டால் குகை அடுப்பின் புகையை அவளால் பார்க்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.